‘ட’ வடிவ ஹாலில் சரவுண்ட் ஹோம் தியேட்டர்: சோபாவில் தொடங்கி சப்வூஃபர் வரை முழுமையான வழிகாட்டி

ஹாலும் டைனிங்கும் சேர்ந்து ‘ட’ போல மடங்கியிருக்கும் ஃபிளாட்டுகள் நம் ஊரில் ஏராளம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த வெளி, இடையில் பால்கனிக் கதவு, மூலையில் ஒரு தூண். ஸ்பீக்கர் பெட்டிக்குள் வரும் தாளில் ஒரு சதுர அறை வரைந்திருப்பார்கள். அதை இந்த ஹாலில் அப்படியே பொருத்தப் பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

என் வீட்டு ஹாலும் இப்படித்தான். முதல் தடவை தவறாகச் செய்து, இரண்டு வருடம் அதையே கேட்டு, பிறகு எல்லாவற்றையும் கழற்றித் திரும்பச் செய்தேன். அதன் பின் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று நான்கு வீடுகளில் கூட இருந்து செய்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: செட்டை வாங்கிவிட்டு, அப்புறம் எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். முதலில் முடிவாக வேண்டியது நம் தலை இருக்கும் இடம். பிறகு திரை, பிறகு ஸ்பீக்கர்களின் இடங்கள், பிறகு வயர். கடைக்குப் போவது அதற்கெல்லாம் பிறகு.

விளக்குவதற்கு என் ஹாலையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு முனையில் 11 அடி அகலத்துக்கு முழுச் சுவர். அதைப் பார்த்து நின்றால் வலப்பக்கச் சுவர் 18 அடிக்கு ஓடுகிறது. அதில் மூன்றாவது அடியிலிருந்து எட்டாவது அடி வரை பால்கனியின் கண்ணாடிக் கதவு. இடப்பக்கச் சுவர் 9 அடியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து 9-க்கு 9 அடி டைனிங் திறக்கிறது. முதுகுக்குப் பின்னால் வாசல் கதவு. கூரை உயரம் 10 அடி. உங்கள் அளவுகள் வேறாக இருக்கும், செய்முறை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

நல்ல அளவு டேப், கட்டம் போட்ட நோட்டு, பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானி, பத்தடி நூல், மாஸ்கிங் டேப், சாக்பீஸ், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்று. துல்லியமான டெசிபல் எண் அதில் கிடைக்காது. ஒரு ஸ்பீக்கரை இன்னொன்றோடு ஒப்பிட அது போதும்.

வீட்டில் இருப்பவர்களின் சம்மதத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன். சோபா நகரப் போகிறது, சுவரில் துளை விழப் போகிறது. வாஸ்து பார்க்கும் வீடு என்றால் அதையும் இந்தக் கட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். வயர் போட்ட பிறகு “சோபா இப்படி இருக்கக் கூடாது” என்று பெரியவர் ஒருவர் சொன்னதால் பாதியில் நின்றுபோன வேலையைப் பார்த்திருக்கிறேன்.

2. அறையை அளந்து வரையுங்கள்

நோட்டில் ஒரு கட்டம் அரை அடி என்று வைத்துக்கொண்டு, மேலிருந்து பார்ப்பது போல வரையுங்கள். சுவர்களை எல்லோரும் வரைந்துவிடுவார்கள். விட்டுப்போகிறவை வேறு: கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஃபேன் எங்கே தொங்குகிறது, பீம் எங்கே இறங்குகிறது, ஏசி, சுவிட்ச் போர்டு, லாஃப்ட், பூஜை அலமாரி. பின் ஸ்பீக்கருக்கு நாம் குறித்து வைக்கும் இடத்தில் ஒரு கதவு வந்து திறந்து மோதுவதும், மேலே போக வேண்டிய வயருக்கு பீம் குறுக்கே நிற்பதும் இந்தப் படம் இல்லாததால்தான்.

ஆட்கள் நடக்கும் பாதையைக் கோடாகப் போடுங்கள். வாசலிலிருந்து சமையலறைக்கு, ஹாலிலிருந்து பால்கனிக்கு. ஸ்டாண்டில் நிற்கும் ஸ்பீக்கர் நடைபாதையில் இருந்தால் ஒரு மாதத்துக்குள் யாராவது இடித்துத் தள்ளிவிடுவார்கள்.

3. உள்ளே ஒளிந்திருக்கும் செவ்வகத்தைத் தேடுங்கள்

இந்த வேலையில் மிக முக்கியமான முடிவு இதுதான். ‘ட’ அறை முழுவதையும் தியேட்டராக்க முடியாது, முயலவும் வேண்டாம். அந்த அறைக்குள் இடமும் வலமும் ஓரளவு ஒத்திருக்கும் ஒரு செவ்வகத்தைக் கண்டுபிடியுங்கள். குரலும் இசையும் அந்தச் செவ்வகத்துக்குள் சரியாக இருந்தால் போதும். மீதி இடத்தைப் பற்றிய கவலை, தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு மட்டும்தான் வரும். அதைப் பிறகு பார்ப்போம்.

இடவலம் ஒத்திருப்பது ஏன் முக்கியம்? முன் ஸ்பீக்கரிலிருந்து ஒலி நேராகவும் வருகிறது, பக்கச் சுவரில் பட்டுத் திரும்பியும் வருகிறது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் சுவர் இருந்தால் குரல் நடுவில் நிற்கும். ஒரு பக்கம் மூன்றடியில் சுவரும் மறுபக்கம் பதினைந்தடிக்கு வெட்டவெளியும் இருந்தால், ஒலி முழுவதும் சுவர்ப் பக்கம் சாய்ந்துவிடும்.

நான் முதல் தடவை செய்த தவறு இதுதான். கேபிள் பாயிண்ட் 18 அடிச் சுவரில் இருந்தது என்பதற்காக டிவியை அங்கேயே மாட்டினேன். சோபாவின் இடப்பக்கம் முனைச் சுவர், வலப்பக்கம் ஹாலின் நீளம் முழுவதும் வெறுமை, அதற்கும் மேல் சோபாவின் முதுகு பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இடமே இல்லை. எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரில் எதைத் திருகினாலும் அது சரியாகவில்லை, ஏனென்றால் பிழை ரிசீவரில் இல்லை.

என் ஹாலில் சரியான செவ்வகம் 11 அடிச் சுவரிலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து 9 அடி வரை இரண்டு பக்கமும் அடைப்பு இருக்கிறது. ஒன்று கண்ணாடி, இன்னொன்று பூச்சுச் சுவர் என்றாலும் தூரம் ஒன்று. கேபிள் பாயிண்டை அங்கே நகர்த்த அரைநாள் எலக்ட்ரீஷியன் வேலை. அதைத் தவிர்க்கத்தான் இரண்டு வருடம் சகித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் படத்தில் இப்படி இரண்டு மூன்று செவ்வகங்கள் கிடைக்கலாம். குறுகலான முழுச் சுவரைப் பார்த்து உட்காரும் அமைப்பை முதலில் சோதியுங்கள். பெரும்பாலும் அதுவே வெல்லும். செவ்வகமே கிடைக்காத அறைகளும் உண்டு. ஒரு பக்கம் படிக்கட்டு, மறுபக்கம் சரிந்த சுவர் என்றால் பின் ஸ்பீக்கர் ஆசையை விட்டுவிட்டு முன்னால் மூன்று ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் மட்டும் வையுங்கள். தவறான இடத்தில் மாட்டிய ஏழு ஸ்பீக்கரை விட அது மேல்.

4. தலையின் இடமும் திரையின் அளவும்

செவ்வகத்தின் நடுக்கோட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியை அதன் மேல் முன்னும் பின்னும் நகர்த்தி உட்கார்ந்து பாருங்கள். அளக்க வேண்டியது சோபாவின் முன்பக்கத்திலிருந்து அல்ல, காது இருக்கும் இடத்திலிருந்து. சோபாவில் சாய்ந்தால் தலை இரண்டடி பின்னால் போய்விடும்.

திரை நம் கண்ணில் 30 டிகிரிக்குக் குறையாமலும் 40 டிகிரியைத் தாண்டாமலும் விரிவது படம் பார்க்க வசதி. ஏழரை அடித் தூரத்தில் 55 அங்குல டிவி ஏறக்குறைய 30 டிகிரி, 65 அங்குல டிவி ஏறக்குறைய 35 டிகிரி. கணக்குப் போட விருப்பம் இல்லையென்றால், டிவியின் அகலத்துக்கு மாஸ்கிங் டேப்பைச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் அந்த இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

தலை பின்சுவரோடு ஒட்ட வேண்டாம். அங்கே தாழ்ந்த ஒலி குவிந்து குரல் குழம்பும். அறை நீளத்தின் சரிபாதியும் வேண்டாம்; சில தாழ்ந்த ஒலிகள் அந்த இடத்தில் ஏறக்குறைய மறைந்தே போகும். என் 18 அடியில் பாதி 9. நான் முதலில் எட்டரை அடியில் உட்கார்ந்து, பிறகு ஏழரைக்கு வந்தேன். அந்த ஒரு அடி ஏன் என்பது ஆறாவது படியில் வருகிறது.

சோபா வாசலுக்கு முதுகு காட்டி நடு ஹாலில் நிற்கும் என்பதுதான் வீட்டில் வரும் முதல் எதிர்ப்பு. சோபாவின் பின்னால் ஒரு தாழ்வான புத்தக அலமாரி வைத்தால் வாசலிலிருந்து பார்க்கவும் நன்றாக இருக்கும், பின்னாலிருந்து வரும் எதிரொலியும் சிதறும்.

5. முன் மூன்று ஸ்பீக்கர்கள்

காது இருக்கும் புள்ளியில் ஒருவர் நூலைப் பிடித்துக்கொள்ளட்டும். கோணமானியை வைத்து நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 30 டிகிரிக்கு நூலை இழுத்துத் தரையில் குறியுங்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.775 பரிந்துரை சொல்லும் கோணம் இது. 22 டிகிரி வரை குறைத்தாலும் படத்துக்கு நன்றாகவே இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே கோணமாக இருப்பதுதான் அவசியம்.

முன்சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தால், என் ஏழரை அடி அமைப்பில் இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே ஏழரை அடி வருகிறது. பக்கச் சுவர்களிலிருந்து ஒன்றே முக்கால் அடி. மூலையில் ஒட்டி வைக்க வேண்டாம், குரல் குடத்துக்குள் பேசுவது போல ஆகிவிடும். பெட்டியின் பின்னால் காற்றுத் துளை இருந்தால் அந்த ஒரு அடி இடைவெளி கட்டாயம்.

சென்டர் ஸ்பீக்கர் டிவிக்கு நேர் கீழே, முகம் காதைப் பார்த்துச் சற்று மேல்நோக்கி. படத்தில் வசனம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது. இதை டிவி ஸ்டாண்டின் அறைக்குள் தள்ளி வைப்பது பரவலான தவறு. மரப்பெட்டி சேர்ந்து அதிர்ந்து வசனம் மங்கும். ஸ்டாண்டின் விளிம்பு வரை முன்னே இழுத்து வையுங்கள். ரப்பர் கதவுத்தடை ஒன்றை முன்பக்கம் கீழே செருகினால் சாய்வு கிடைத்துவிடும்.

6. பின் ஸ்பீக்கர்கள்: ‘ட’ அறை சோதிக்கும் இடம்

முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, கூடவே ஒரு சப்வூஃபர் என்ற 5.1 அமைப்பில் பின் ஸ்பீக்கர்கள் முதுகுக்கு நேர் பின்னால் வருவதில்லை. முன்னே பார்க்கும் கோட்டை 0 என்று வைத்தால், இரண்டு பக்கமும் 100 முதல் 120 டிகிரிக்குள் வர வேண்டும். அதாவது தோளுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னே தள்ளி.

நான் எட்டரை அடியில் உட்கார்ந்தபோது, 110 டிகிரிக்கு ஸ்பீக்கர் முன்சுவரிலிருந்து பத்தரை அடியில் இருக்க வேண்டியிருந்தது. வலப்பக்கம் சுவர் இருந்தது. இடப்பக்கச் சுவரோ 9 அடியிலேயே முடிந்துவிட்டது. பத்தரை அடியில் டைனிங்கின் வாய் திறந்து கிடந்தது. இந்த இடத்தில்தான் பலர் இடது ஸ்பீக்கரை டைனிங்கின் தூரச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். அது பதினான்கடிக்கு அப்பால் இருக்கும். வலது ஸ்பீக்கர் ஐந்தரை அடியில் இருக்கும். தாமதத்தையும் அளவையும் ரிசீவர் ஈடுகட்டும் என்பது உண்மை. ஆனால் தூரத்திலிருந்து வரும் ஒலியோடு டைனிங்கின் எதிரொலியும் கலந்து வருகிறதே, அதை எந்த ரிசீவராலும் பிரித்தெடுக்க முடியாது.

சோபாவை ஒரு அடி முன்னே இழுத்ததும் கணக்கு மாறியது. தலை ஏழரை அடிக்கு வந்ததால், இடப்பக்கச் சுவர் முடிகிற விளிம்பு தலைக்குச் சற்றுப் பின்னால் போய்விட்டது. அந்த விளிம்பில் மாட்டிய ஸ்பீக்கர் 100-க்கும் 105-க்கும் இடையில் உட்கார்ந்தது. வலப்பக்கத்தில் பால்கனிக் கதவு எட்டாவது அடியில் முடிந்துவிடுவதால், அதையடுத்த சுவரில் அதே கோணத்துக்கு இடம் இருந்தது. ஸ்பீக்கரை அறைக்குப் பொருத்த முடியாதபோது சோபாவை நகர்த்திப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் தீர்வு அது ஒன்றுதான்.

சோபாவை நகர்த்த வழியே இல்லையென்றால், என் அனுபவத்தில் வேலை செய்த வரிசை இது. முதலில், சோபாவின் அந்தப் பக்கத்தில் ஸ்டாண்ட். நடைபாதை குறுக்கிட்டால், கூரையிலிருந்து இரும்புக் குழாயில் தொங்கவிட்டுக் காதை நோக்கிச் சாய்ப்பது. அதுவும் முடியாவிட்டால், இரண்டு பக்கத்தையுமே 90 டிகிரிக்கு முன்னே கொண்டுவருவது. ஒன்றை 110-லும் இன்னொன்றை 75-லும் வைப்பதை விட இரண்டையும் 90-ல் வைப்பது நல்லது. பின்னாலிருந்து வரும் உணர்வு கொஞ்சம் குறையும். ஒலி ஒரு பக்கமாக இழுக்காது.

உயரம் ஐந்திலிருந்து ஐந்தரை அடி. காது மட்டத்திலேயே வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலை மறைக்கும். ஏழடிக்கு மேல் லாஃப்ட் பக்கத்தில் வைத்தால் மழை மட்டும் நன்றாகக் கேட்கும், பக்கத்தில் போகிற வண்டி கூரையில் போகும்.

7. சப்வூஃபர் முழு வீட்டையும் பார்க்கும்

குரலுக்கு நாம் போட்ட செவ்வகம் தாழ்ந்த ஒலிக்குத் தெரியாது. ஹால் 18-க்கு 11-க்கு 10, அதாவது 1,980 கன அடி. டைனிங் 810. மொத்தம் ஏறக்குறைய 2,800 கன அடிக் காற்றை சப்வூஃபர் அசைத்தாக வேண்டும். கதவு இல்லாத வழிநடை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செவ்வகத்தின் அளவை வைத்து 8 அங்குல சப்வூஃபர் வாங்கியவர்கள் பிறகு அதை முழுசாகத் திருகி வைத்து, அது திணறி உறுமுவதைக் கேட்கிறார்கள். இந்த அளவுக்கு 12 அங்குலம் எடுங்கள். பணம் இருந்தால் ஒரு பெரியதை விட இரண்டு நடுத்தர சப்வூஃபர் நல்லது. ஒன்று விடும் பள்ளத்தை இன்னொன்று நிரப்பும்.

இடம் எப்படித் தேர்வது? ஒலி நம் ஊர் வெப்பத்தில் நொடிக்கு ஏறக்குறைய 1,140 அடி போகிறது. அதை அறையின் நீளத்தின் இருமடங்கால் வகுத்தால், அந்த நீளத்தில் வீங்கி நிற்கும் முதல் அதிர்வெண் கிடைக்கும். 18 அடிக்கு சுமார் 32 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு சுமார் 52. செவ்வக அறையில் இதை வைத்து ஓரளவு திட்டமிடலாம். ‘ட’ அறையில் ஒரு அலை 11 அடியில் திரும்புகிறது, பக்கத்திலேயே இன்னொன்று டைனிங்கைக் கடந்து 20 அடியில் திரும்புகிறது. அதனால் கணக்கை விட்டுவிட்டுக் காதை நம்புங்கள்.

சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரு பலகை போட்டு, அதன் மேல் சப்வூஃபரை ஏற்றுங்கள். தாழ்ந்த ஒலி ஏறி இறங்கி வரும் ஒரு பாட்டை மிதமான சத்தத்தில் ஓடவிடுங்கள். சப்வூஃபரை வைக்க முடிகிற இடங்களில் மட்டும் தரையோடு தவழ்ந்து, காதைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டே போங்கள். எல்லாச் சுரங்களும் ஒரே அளவில், தெளிவாகக் கேட்கும் இடத்தில் சாக்பீஸால் குறியுங்கள். அங்கே சப்வூஃபரை வைத்தால் சோபாவில் அதே ஒலி கிடைக்கும், ஏனென்றால் இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒலி போகும் பாதை எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பினாலும் ஒன்றுதான்.

அதிகச் சத்தம் வரும் இடத்தைத் தேர்வதுதான் இங்கே நடக்கும் பிழை. மூலையில் சத்தம் அதிகம் வரும், ஆனால் ஒரே ஒரு சுரம் மட்டும் குமுறும். என் வீட்டில் முன்சுவரின் இடப்பக்கம், மூலையிலிருந்து மூன்றடி தள்ளி அமைந்தது. இன்னொரு வீட்டில் சோபாவின் பின்னால் அமைந்தது.

ஃபிளாட் என்றால் கீழ்வீட்டுக்காரரையும் நினையுங்கள். சப்வூஃபரின் கீழ் தடித்த ரப்பர் அல்லது நுரைத் திண்டு போட்டால் தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். காற்று வழியாகப் போவதை அது தடுக்காது. ஒரு தடவை அவர் வீட்டில் உட்கார்ந்து, மேலே ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, எந்த அளவு வரை பரவாயில்லை என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. மேலே ஸ்பீக்கர் வேண்டுமா?

மேலிருந்தும் ஒலி வரவைக்கும் டால்பி அட்மாஸுக்காகக் கூரையில் இரண்டு ஸ்பீக்கர் சேர்த்தால் 5.1.2. ஃபால்ஸ் சீலிங் இருந்தால் தலைக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னே, இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் பதிக்கலாம். வெறும் கான்கிரீட் கூரையை இதற்காக வெட்டக் கூடாது; மேற்பரப்பில் மாட்டும் சின்ன ஸ்பீக்கர் போதும்.

கூரையை நோக்கி ஒலியை எறிந்து திருப்பும் வகையை இந்த மாதிரி ஹாலுக்கு நான் சொல்வதில்லை. அதற்குத் தட்டையான, ஏழரை முதல் பதினான்கு அடி உயரக் கூரை வேண்டும். உயரம் நமக்குச் சரிதான். ஆனால் ஒலி பட்டுத் திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு பீமோ சுழலும் ஃபேனோ இருக்கிறது. முதலில் 5.1-ஐச் சரியாக முடியுங்கள். கூரைக்கு வயரை மட்டும் இப்போதே இழுத்து வையுங்கள்.

9. வயர்: பெயிண்டுக்கு முன்

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ரிசீவரிலிருந்து சுவர் ஏறி, ஓடி, இறங்கும் தூரத்தை டேப்பால் அளந்து, மூன்றடி கூடச் சேருங்கள். 15 மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும், அதற்கு மேல் 2.5. கடையில் மலிவாகக் கிடைப்பது அலுமினியத்தில் செம்புப் பூச்சு போட்டது. நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அதை வாங்க வேண்டாம்.

கரண்ட் லைன் போகும் குழாயிலேயே ஸ்பீக்கர் வயரையும் இழுத்துவிட எலக்ட்ரீஷியன் விரும்புவார், வேலை மிச்சம் என்று. பாதுகாப்புக்காகவே அது கூடாது. சப்வூஃபர் கேபிளில் இரைச்சலும் ஏறும். தனிக் குழாய் போடச் சொல்லுங்கள். கரண்ட் லைனைக் கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

எச்டிஎம்ஐ கேபிளின் தலை பெரியது. ஒரு நண்பர் வீட்டில் முக்கால் அங்குலக் குழாய் பதித்து, பூசி, பெயிண்ட் அடித்த பிறகுதான் தலை உள்ளே நுழையாது என்று தெரிந்தது. சுவரைத் திரும்ப உடைத்தோம். ஒன்றரை அங்குலக் குழாய் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள். 5 மீட்டருக்கு மேல் 4கே படத்துக்கு ஃபைபர் வகை எச்டிஎம்ஐ எடுங்கள். அதற்கு டிவி முனை, ரிசீவர் முனை என்று திசை உண்டு. மாற்றி இழுத்தால் படம் வராது.

பெயிண்ட் முடிந்த வீட்டில் கேசிங் கேப்பிங் போதும். சுவரின் நிறத்தையே அதற்கும் அடித்தால் கண்ணில் படாது. பால்கனிக் கதவு குறுக்கிடும் பக்கத்தில் சட்டத்தின் மேலாகக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

10. எதிரொலியைக் குறைத்தல்

செவ்வகத்தின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய பிறகு ‘கிர்ர்’ என்று ஒரு நடுக்கம் தொடர்ந்தால், டைல்ஸும் கண்ணாடியும் ஒலியை மாற்றி மாற்றி எறிகின்றன. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே தடித்த கம்பளம், பால்கனிக் கதவுக்கு மடிப்பு அதிகம் வைத்த கனமான திரைச்சீலை. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். புதிதாக சோபா வாங்குவதானால் ரெக்ஸினை விடத் துணி நல்லது.

பிறகு முகம் பார்க்கும் கண்ணாடி. நீங்கள் சோபாவில் உட்கார, ஒருவர் பக்கச் சுவரில் அதை நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் முன் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் முதல் எதிரொலி வருகிறது. என் வலப்பக்கத்தில் அது பால்கனிக் கதவின் மேல் விழுந்தது, திரைச்சீலை அதை விழுங்கிவிட்டது. இடப்பக்கத்தில் வெறும் சுவர். 50 மில்லிமீட்டர் கண்ணாடி இழைப் பலகையைத் துணி சுற்றி அங்கே மாட்டிய பிறகுதான் வசனம் நடுவுக்கு வந்தது.

முட்டை அட்டையும் தெர்மோகோலும் ஒட்டாதீர்கள். உருப்படியாக எதையும் உறிஞ்சாது, எளிதில் தீப்பிடிக்கும். டைனிங்கின் வாயில் திரைச்சீலை போட்டால் மேல் சுரங்கள் அங்கே போய்த் திரும்புவது குறையும். தாழ்ந்த ஒலி அதைப் பொருட்படுத்தாமல் போய்க்கொண்டிருக்கும்.

11. இப்போது கடைக்குப் போங்கள்

கையில் வரைபடம் இருப்பதால் தேவைக்கு மேல் யாராலும் விற்க முடியாது. முன் மூன்று ஸ்பீக்கரும் ஒரே தொடராக இருக்கட்டும், இல்லாவிட்டால் இடமிருந்து வலம் போகிற குரல் நடுவில் நிறம் மாறும். பணம் இழுபறியானால் பின் ஸ்பீக்கர்களில் குறையுங்கள், சென்டரில் குறைக்க வேண்டாம். ரிசீவரில் மைக் வைத்து அறையை அளக்கும் வசதியும், டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் இஆர்க் எச்டிஎம்ஐ டிவியிலும் இருக்கிறதா பாருங்கள். பழைய ஆர்க்கில் தரம் குறையாமல் சுருக்கப்பட்ட ட்ரூஎச்டி ஒலி வராது.

ரிசீவரின் தலைக்கு மேல் அரை அடியாவது காற்று இருக்க வேண்டும். மூடிய டிவி யூனிட்டுக்குள் வைத்தால் சூட்டில் தானாக அணைந்துவிடும்.

12. ட்யூனிங்: மைக் எங்கே, எப்போது

இரவு பத்து மணிக்கு மேல், ஃபேன், ஏசி, டைனிங்கில் இருக்கும் ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஃபிரிட்ஜின் முனகலை மைக் தாழ்ந்த ஒலியோடு சேர்த்து எடுத்துக்கொள்ளும். சப்வூஃபரில் சத்தக் குமிழ் நடுவில், அதிர்வெண் குமிழ் கடைசி வரை. அந்த வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும்.

மைக் சோபாவின் முதுகில் சாய்ந்திருக்கக் கூடாது; ஸ்டாண்டில், காது உயரத்தில். முதல் அளவு கட்டாயம் நடு இருக்கை. மீதி அளவுகளை அதைச் சுற்றி இரண்டடிக்குள் எடுங்கள். டைனிங் நாற்காலியிலும் நன்றாகக் கேட்கட்டும் என்று அங்கேயும் ஒரு அளவு எடுக்கிறார்கள். ரிசீவர் இரண்டுக்கும் சராசரி போட்டு, இரண்டு இடத்தையும் கெடுத்துவிடும்.

முடிந்ததும் அது கண்டுபிடித்த தூரங்களை டேப்போடு ஒப்பிடுங்கள். சப்வூஃபரின் தூரம் மட்டும் நிஜத்தை விட அதிகமாக இருக்கலாம், அதைத் திருத்த வேண்டாம். சப்வூஃபரின் உள்சுற்று எடுக்கும் தாமதத்தையும் சேர்த்துச் சொல்கிறது. மற்றவற்றில் பெரிய வித்தியாசம் இருந்தால் வயர் மாறியிருக்கலாம், அல்லது ஏதோ ஒன்றில் கூட்டல் கழித்தல் திரும்பியிருக்கலாம்.

ஸ்பீக்கர்களை ரிசீவர் ‘லார்ஜ்’ என்று குறித்திருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி, எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சின்னப் பின் ஸ்பீக்கர்களுக்கு 100 அல்லது 120. தாழ்ந்த ஒலியைச் சுமக்கும் வேலை சப்வூஃபருக்குப் போய்விடுவதால் மற்றவை இலகுவாகப் பாடும். பிறகு சோதனை ஒலியை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஓடவிட்டு, போன் செயலியில் எல்லாம் ஒரே அளவு காட்டுகிறதா பாருங்கள். ‘ட’ அறையில் திறந்த பக்கத்துப் பின் ஸ்பீக்கர் ஒன்றிரண்டு டெசிபல் மெலிந்து கேட்பது வழக்கம். அதை மட்டும் கையால் கொஞ்சம் ஏற்றுங்கள்.

ஒரு வாரம் எதையும் தொடாமல் கேளுங்கள். பிறகு சப்வூஃபரை மட்டும் உங்கள் காதுக்குத் தக்கபடி ஏற்றி இறக்குங்கள். எல்லாம் பிடித்துப்போன அன்று, சோபாவின் நான்கு கால்களையும் சுற்றித் தரையில் சின்னதாக டேப் ஒட்டிவிடுங்கள். வீடு பெருக்கும்போது சோபா நகரும். ஒரு அடி நகர்ந்தாலும் இடது ஸ்பீக்கர் பழையபடி பக்கத்துக்குப் போய்விடும்.